தென்னேரியில இழுவலை கட்டின படகும் எங்க மாமாவோட இடது காலும்

எங்க மாமாவோட இடது காலு அவரு ஒடம்போட இருக்கப் போவுதா, இல்ல தனியா பிரிஞ்சு போவப் போவுதான்னு ஒரு கேள்வி வந்துச்சு. அந்தக் கேள்விய கொண்டாந்து வெச்சவன் நான்தான். அடக்கமா சொல்லணும்னா, தனியாளா.

மாமான்னா எங்க அக்கா புருஷன். என்ன விட நாலு வயசு பெரியவரு. தென்னேரி ஏரியில மீன் புடிக்கிறவரு. நானு பெரிய காஞ்சிபுரத்துல தறி நெய்யிறவன். நெய்யிறவன்னு சொல்றதே அதிகம். தறியில உக்காந்து திட்டு வாங்கறவன், நடுநடுவுல நெய்வேன். படிப்பா? ரெண்டாங்கிளாஸ் மூணு வருஷம் படிச்சேன். அவ்ளோ ஆழமா அந்தக் கிளாஸ படிச்சவன் எங்க தெருவுல வேற எவனும் இல்ல.

செல்போன்ல எவனாவது கூப்ட்டா எடுக்கறவன் கிட்டயும் காசு புடுங்கின காலம் அது. எனக்கு முப்பது தாண்டிடுச்சு. ஒருநாள் காலையில தறி மொதலாளி என்ன 'பேமானி'ன்னு சொல்லிட்டாரு. அதுக்கு முன்னாடி எவ்ளவோ சொல்லியிருக்காரு, எல்லாத்தையும் தொடச்சிப் போட்டுக்கினு நெய்ஞ்சிருக்கேன். அன்னிக்கு இன்னாவோ, கையில இருந்த, தறியில குறுக்க நூல ஓட்டற நாடாவ தூக்கி அவரு மேல வுட்டெறிஞ்சேன். நாடாவுக்கு ரெண்டு முனையும் இரும்பு. புருவம் கிழிஞ்சி ரத்தம் தாடி வரைக்கும் வந்துச்சு. அவரோட ரெண்டு பசங்களும் ஓடியாந்து, ஆளுக்கொரு கட்டைய எடுத்து என் முதுவுல தாளம் போட்டானுங்க. தப்பிச்சி தெருவுக்கு ஓடுனேன். தெருவுல எதிர் வூட்டுக்காரங்க தறியில ஏத்தற நூல பாவா நீட்டி கஞ்சி போட்டுக்கினு இருந்தாங்க. கண்ணு தெரியாம அதுமேல போய் வுழுந்தேன். நூறு எழையாவது பட்டுனு அறுந்துச்சு. அதுக்கப்புறம் அவங்க அடிச்சாங்க. மொதலாளி பசங்க அடிச்சத கூட மறந்துடலாம். பாவுக்காரங்க அடிச்சத இன்னிக்கும் மழை வந்தா எலும்பு ஞாபகப்படுத்துது.

அக்கா வந்து என்னப் பாத்தா. என் மூஞ்சி பூசணிக்கா மாதிரி இருந்துச்சு. பஸ்ஸுல தூக்கிப் போட்டுக்கினு தென்னேரிக்கு வந்து, புருஷன் கிட்ட சொன்னா:

"இந்தா, இத கொஞ்ச நாளு தண்ணியில போடு. தரையில இருந்தா எவனாவது அடிச்சே கொன்னுடுவான்."

எனக்கு நீச்சல் தெரியாது. கோயில் கொளத்துல ரெண்டாம் படிக்கு கீழ நான் எறங்கினதே இல்ல. அத யாரும் கேக்கல.

மாமா அப்பதான் ஒரு படகு கொண்டாந்திருந்தாரு. மகாபலிபுரம் பக்கம் கடல்ல ஓடி ஓஞ்சி போன பைபர் படகு. லாரியில ஏத்தியாந்து, வாலாஜாபாத் மெக்கானிக் ஒருத்தன வெச்சி, வயலுக்குத் தண்ணி எறைக்கிற இன்ஜின அதுல மாட்டி, நீட்டா ஒரு கம்பி, கம்பி முனையில விசிறி. இன்ஜின் ஓடுனா ஊரே பல்ல கடிச்சிக்கினு நிக்கும், அவ்ளோ சத்தம். மத்தவங்க எல்லாம் கையால வல போட்டு புடிச்சிக்கினு இருந்தாங்க. மாமா மட்டும் இன்ஜின் படகு பின்னாடி வலைய கட்டி இழுத்துக்கினே போவறதுன்னு முடிவு பண்ணிட்டாரு.

அந்த வலைய சொல்றேன். நடுவுல ஒரு பை, அதுக்குப் பேரு மடி. மடியோட வாய்க்கு மேல தெர்மாகோல் மிதப்பு, கீழ ஈயக்குண்டு, வாயி மூடிக்காம இருக்க குறுக்க ஒரு மூங்கிலு. ரெண்டு பக்கமும் கயிறு வந்து ஒரே கயிறாகி, படகு நடுவுல இருக்கற கட்டையில வந்து நிக்கும். அந்தக் கயித்துக்கு நான்தான் இன்சார்ஜு. வாழ்க்கையில மொதல் தபா ஒரு பதவி.

மொத நாளு வல இல்லாம சும்மா ஓட்டிக் காட்டுனாரு. கரையிலேர்ந்து அக்கரைக்கு ஒரு பீடி நேரம். அவுத்து வுட்ட கழுத மாதிரி ஓடிச்சி. அப்புறம் பெரிய கண்ணு வலைய கட்டுனாரு. அதே தூரம், மூணு பீடி. அப்புறம் பொடிக்கண்ணு வலைய கட்டுனாரு. இன்ஜின் அடியில பொகையா கக்குது, படகு நின்ன எடத்துல நின்னுக்கினு ஆடுது. நானு பீடிக்கட்ட முடிச்சிட்டு கரைய பாக்கறேன், அதே பனமரம் அதே எடத்துல நின்னு என்ன பாத்துக்கினு இருக்குது.

"இன்னா மாமா, படகு செத்துடுச்சா?"

"படகு சாவல. கண்ணு சின்னதானா தண்ணி உள்ள பூந்து போவ வழி இல்ல. ஏரியையே பையில போட்டு இழுக்கற மாதிரி. இழுவ ஏறிடுச்சி."

"இன்னும் கொஞ்சம் முறுக்கு மாமா. ரெண்டு பங்கு முறுக்குனா ரெண்டு பங்கு போவும்."

துடுப்பால என் மண்டையில ஒண்ணு வெச்சாரு. அவரு கணக்கு சொல்லிக் குடுக்கறது அப்படித்தான். "வேகம் ரெண்டு பங்கானா இழுவ நாலு பங்காவும்டா மச்சான். டீசல் உங்கப்பனா ஊத்துறான்?"

அவரு அத எங்கயும் படிக்கல. கயித்து மேல கைய வெச்சிப் பாப்பாரு, அவ்ளோதான். கயிறு ம்ம்ம்முனு மொணகுனா சரியா போவுது. கிண்ணுனு கத்துனா இழுவ ஜாஸ்தி. ஒண்ணுமே பேசலன்னா வல கிழிஞ்சிடுச்சின்னு அர்த்தம். பாசி பூந்தாலும் கயிறு கத்தும், மடியில சேறு ஏறினாலும் கத்தும். கயித்த குட்டையா கட்டுனா படகோட பின்பக்கத்த கீழ புடிச்சி இழுக்கும், பின்னாடி தண்ணி உள்ள வரும். நீட்டா வுட்டா இழுவ படுத்துக்கினு வரும், படகுக்கு நோவாது. கட்டையில கட்டாம பின்பலவையில கட்டுனா படகு மூக்கு திரும்பவே திரும்பாது, நீ இன்னா சுக்கான ஒடிச்சாலும் நேராத்தான் போவும். இதெல்லாம் ஒவ்வொண்ணா கத்துக்கினேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடி. எட்டு நாளுல எட்டு வீக்கம்.

மொத நாளே இன்னொண்ணும் சொல்லி வெச்சாரு: "நீட்டுன்னா நீட்டு. இறுக்குன்னா இறுக்கு. வுடுன்னா மட்டும் யோசிக்காத. கேட்ட ஒடனே வுட்டுடு."

"சரி மாமா. வுடுன்னா வுட்டுடுவேன்."

சத்தியமா எனக்குப் புரிஞ்சிதுன்னுதான் நெனச்சேன்.

ஒம்போதாம் நாளு காலையில அக்கரைக்காரங்க வந்தாங்க. அவங்க தண்ணிக்குள்ள குச்சி நட்டு வல கட்டி வெச்சிருப்பாங்க, மீனு தானா வந்து மாட்டும். முந்தின நாளு எங்க வல அதுல ரெண்ட சேர்த்து வாரிக்கினு வந்துடுச்சு. எட்டு பேரு, கையில படகு தள்ற மூங்கிலு. முன்னாடி நின்னவன் ஒரு குண்டு ஆளு. கழுத்தே கெடையாது, தலைய அப்படியே தோளு மேல எடுத்து வெச்ச மாதிரி இருப்பான்.

"ஏரிய உழுவறியாடா நீ? இது இன்னா உங்கப்பன் நெலமா?"

மாமா சமாதானமாத்தான் ஆரம்பிச்சாரு. "யோவ், தெரியாம மாட்டிக்கிச்சி. வலைய தெச்சிக் குடுத்துடறேன்."

அங்க முடிஞ்சிருக்கும். நான் வாய வெச்சிக்கினு சும்மா இருக்கலாம் இல்ல? "உங்க வலையில ஓட்டதான் ஜாஸ்தி, நடுவுல கொஞ்சம் நூலு இருந்துச்சி"ன்னு சொன்னேன். ஒருத்தன் கூட சிரிக்கல. குண்டு ஆளோட மூங்கிலு என் தொடையில எறங்குச்சி. வுழுந்தவன எட்டி வயித்துல உதைச்சானுங்க. மாமா துடுப்ப சுத்துனாரு. ஒருத்தனுக்கு காது கிழிஞ்சி தொங்குச்சி. ஒருத்தன் மாமா நெஞ்சு மேல ஏறி உக்காந்து மூஞ்சியில மண்ண தேச்சான். நானு அவன் முதுவ கடிச்சேன். சண்டையில எனக்குத் தெரிஞ்ச வித்த அது ஒண்ணுதான். எப்படியோ ரெண்டு பேரும் படகுல ஏறி இன்ஜின முறுக்கி தண்ணிக்குள்ள போயிட்டோம். கரையிலேர்ந்து கல்லு பறந்து வருது. ஒரு கல்லு இன்ஜின் மேல பட்டு மணி அடிச்ச மாதிரி கேட்டுச்சு.

அந்தக் கோவத்துல மாமா ஒரு வேல பண்ணாரு. திரும்பிப் போவாம, அவங்க தங்க படகுல அக்கரைக்குப் போய் சேந்ததும், அவங்க கண்ணு முன்னாடியே வலைய எறக்குனாரு. அதுவும் பொடிக்கண்ணு வலைய. "பாக்கட்டும் பேமானிங்க"ன்னாரு. நீட்டு கயிறு போடவும் அவருக்கு பொறுமையில்ல, குட்டையா கட்டச் சொன்னாரு. முழு வேகத்துல முறுக்குனாரு. எட்டு நாளா எனக்கு அடிச்சு அடிச்சு சொல்லிக் குடுத்த அத்தனையையும் அவரே ஒரே நிமிஷத்துல ஒடச்சாரு. நான் சொல்லல. என் தொட வீங்கியிருந்துச்சு, புது அடிக்கு எடமில்ல.

கயிறு கிண்ணுனு கத்துது. படகு பின்பக்கம் அமுங்கி தண்ணி உள்ள எட்டிப் பாக்குது. நடு ஏரியில, தண்ணிக்குள்ள முழுவிக் கெடந்த பழைய கருவேல மரம் ஒண்ணுல மடி போய் மாட்டிக்கிச்சி. படகு சடார்னு நின்னு, கொஞ்சம் பின்னால துள்ளி, கயிறு தளந்து சுருண்டுச்சு. மாமா நெல தடுமாறி ஒரு அடி பின்னால வெச்சாரு. வெச்ச எடத்துல கயித்தோட சுருக்கு ஒண்ணு வாய தொறந்துக்கினு கெடந்துச்சு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அது அவரு கணுக்காலுக்கு மேல இறுவி, கால கொண்டு போய் பின்பலவையோட சேத்து நசுக்கிடுச்சு. இன்ஜின் முன்னால தள்ளுது, மரம் பின்னால இழுக்குது, நடுவுல எங்க மாமா காலு.

"வுடுடா!"ன்னு கத்துனாரு. அப்படி ஒரு கத்தல நான் கேட்டதே இல்ல.

நான் வுட்டேன். கேட்ட ஒடனே வுட்டேன். யோசிக்கவே இல்ல.

இங்கதான் சங்கதி. தறியில 'வுடு'ன்னா இன்னான்னு தெரியுமா? நெய்ஞ்சி முடிச்ச சேலைய சுருட்டறதுக்கு, பின்னாடி பாவு கட்டியிருக்கற கயித்த ஒரு ஜாண் தளத்திட்டு, ஒடனே திருப்பி இறுக்கிக் கட்டணும். அதான் வுடறது. முழுசா அவுத்து வுட்டா அவன் நெசவுக்காரனே இல்ல. பத்தொம்போது வருஷமா என் கையி அந்த வார்த்தைக்கு அதத்தான் செய்யும். மூளைய அது கேக்காது. மூளையும் ஒண்ணும் சொல்லாது.

ஒரு ஜாண் தளத்துனேன். இறுக்கிக் கட்டுனேன்.

தளந்த அந்த ஒரு ஜாணுக்கு படகு முன்னால பாஞ்சி, 'டணக்'குனு திருப்பி நின்னுச்சு. சுருக்கு இன்னும் உள்ள எறங்குச்சு. மாமா வாயிலேர்ந்து வந்தது வார்த்தையே இல்ல.

"வுடுடா பாவி! வுடு!"

ரெண்டு தபா சொன்னாரு. ரெண்டு தபாவும் ஒழுங்கா தளத்தி, ஒழுங்கா கட்டுனேன். என் வாழ்க்கையிலயே அவ்ளோ சுத்தமா முடிச்சி போட்டதில்ல. 'டணக்'. 'டணக்'. எலும்பு நொறுங்கற சத்தம் இன்ஜின் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டுச்சு. அந்தாளு கத்தறத பாத்தா தெரியாதான்னு நீ கேப்ப. என் தறி மொதலாளி 'வுடு'ன்னு கத்தும்போதும் அப்படித்தான் கத்துவாரு. எனக்கு எல்லா கத்தலும் ஒண்ணுதான்.

தண்ணி மொள்ற தகர டின்ன எடுத்து மாமா என் நெத்தியில அடிச்சாரு. நெத்தி பொளந்து கண்ணுல ரத்தம் எறங்குச்சி.

"அறுடா! அறுத்துப் போடுடா!"

தறியில அறுக்கறதுன்னா சேலை முழுசா முடிஞ்சாதான். இங்க முடியப் போறது மாமான்னு அப்பதான் மண்டையில ஏறுச்சி. பாசி வெட்டறதுக்குன்னு படகு மூக்குப் பக்கம் ஒரு அருவா கெடந்துச்சு. எடுத்தேன். காலுக்கு அந்தாண்ட அறுக்கணும், வல பக்கமா. நான் எங்க அறுத்தேன்? கட்டைக்குப் பக்கத்துல, எனக்கு வசதியா. மூணு வெட்டு. மூணாவது வெட்டுல கயிறு வெடிச்சிது. கட்டையில மிச்சம் இருந்த துண்டு பாம்பு மாதிரி திரும்பி வந்து என் வாயில ஒண்ணு வுட்டுச்சு, முன்பல்லு ரெண்டும் ஏரிக்குள்ள போச்சு. வல பக்கத்துக் கயிறு மாமா கால சுத்திக்கினே ரம்பம் மாதிரி ஓடி, தோலையும் சதையையும் வாரிக்கினு தண்ணிக்குள்ள போச்சு.

அப்புறம்தான் வல இழுக்காத படகு எப்படி ஓடும்னு ஞாபகம் வந்துச்சு. இன்ஜின் இன்னும் முழு முறுக்குல இருந்துச்சு. அத்தன நேரம் புடிச்சி வெச்சிருந்த இழுவ போயிடுச்சா, படகு மூக்க தூக்கிக்கினு பாஞ்சிது. மாமா படகுக்குள்ள ரத்தத்துலயும் தண்ணியிலயும் பொரள்றாரு. இன்ஜின நிறுத்த எனக்குத் தெரியாது. நேரா அக்கரை. குண்டு ஆளும் அவன் கூட்டமும் கல்ல கையில வெச்சிக்கினு, நாங்க அவங்கள இடிச்சிக் கொல்ல வரோம்னு நெனச்சி பறந்தாங்க. படகு கரைக்கல்லு மேல ஏறி, வயிறு கிழிஞ்சி, சாஞ்சிது. நானு பறந்து போய் தண்ணியில வுழுந்தேன்.

"காப்பாத்துங்க! நீச்சல் தெரியாது! காப்பாத்துங்க!"

"எழுந்து நில்லுடா நாயே"ன்னான் குண்டு ஆளு. நின்னேன். தண்ணி முட்டி வரைக்கும் இருந்துச்சு.

அடிக்க ஆரம்பிச்சாங்க. நாலாவது அடி வுழும்போது, படகுக்குள்ள எட்டிப் பாத்த ஒரு பொம்பள வாயில அடிச்சிக்கினு கத்துனா: "ஐயோ, இந்தாளு காலப் பாருங்கய்யா!" எல்லாரும் பாத்தாங்க. கணுக்காலுக்குக் கீழ பாதம் வேற ஒரு தெசைய பாத்துக்கினு இருந்துச்சு. என்ன அப்படியே போட்டுட்டு, ரெண்டு மூங்கிலுல லுங்கிய கட்டி மாமாவ தூக்கிக்கினு ஏரிக்கரை மேல இருக்கற ரோட்டுக்கு ஓடுனாங்க. காலையில மாமா நெஞ்சு மேல ஏறி மண்ண தேச்சவன்தான் முன்பக்கம் தூக்குனான். டிராக்டர்ல வாலாஜாபாத், அங்கேர்ந்து வேன்ல காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரி. வழி முழுக்க குண்டு ஆளு மாமா கால தன் மடியில வெச்சி ஒசத்திப் புடிச்சிக்கினு வந்தான். சட்ட எல்லாம் ரத்தம். நானு அழுவும்போதெல்லாம் புடிக்காத கையால எனக்கு ஒரு அற வுட்டான்.

"நீ அழுவாதடா. நீ அழுதா எனக்கு கொலவெறி வருது."

டாக்டரம்மா எலும்ப சேத்து வெச்சி, கம்பி போட்டு, வெளிய வந்து அக்காகிட்ட சொன்னாங்க: "ரத்த ஓட்டம் கீழ வரைக்கும் போவுதான்னு பாக்கணும்மா. விரல்ல உணர்ச்சி வந்துச்சுன்னா காலு நிக்கும். ரெண்டு நாளு பாப்போம். வரலன்னா முட்டிக்குக் கீழ எடுத்துடணும். வேற வழி இல்ல."

அக்கா கையில இருந்த பிளாஸ்க்கால என்ன அடிச்சா. பிளாஸ்க் ஒடஞ்சிது. ஒடஞ்சதாலயும் அடிச்சா. நர்ஸம்மா வந்து "இது ஆஸ்பத்திரிமா, வெளிய வெச்சி அடி"ன்னாங்க. வெளிய வெச்சி அடிச்சா.

அப்புறம் போய் மாமா காலு பக்கத்துல உக்காந்துட்டா. கட்டுக்கு வெளிய அஞ்சி விரலு தெரியும், ஊதாக் கலர்ல. பெருவிரல நகத்தால கிள்ளுவா. "தெரியுதா?"ம்பா. மாமா தலைய ஆட்டுவாரு, இல்லன்னு. அடுத்த விரலு. இல்ல. சோறு இல்ல, தண்ணி இல்ல, கிள்ளிக்கினே இருந்தா. மறுநாளு மத்தியானம் வரைக்கும் இல்ல, இல்ல, இல்ல. காலு இல்லாம படகுல எப்படி நிக்கறதுன்னு அந்தாளு மேல பாத்துக்கினு கேக்குறாரு. யாருகிட்ட கேக்குறாருன்னு தெரியல, என்கிட்ட இல்ல.

அக்கா மூஞ்சி கழுவப் போனா. நானு போய் கால்மாட்டுல நின்னேன். எங்கயாவது அடிச்சாருன்னா கூட பரவால்லன்னு இருந்துச்சு. அந்தாளு சும்மா கெடக்கறதத்தான் பாக்க முடியல.

"மாமா, நான் வேணும்னே பண்ணல."

அவரு மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பிக்கினாரு.

"நீ வுடுன்ன. நான் வுட்டேன்."

மெதுவா என் பக்கம் திரும்பி, "எங்கடா வுட்ட? கட்டையில கட்டிக்கினே இருந்தியேடா"ன்னாரு.

"தறியில வுடுன்னா ஒரு ஜாண்தான் மாமா. ஒரு ஜாண் வுட்டுட்டு, திருப்பி இறுக்கிக் கட்டணும். அதான் வுடறது. மூணு தபாவும் அளவு மாறாம வுட்டேன். வேணும்னா எங்க தெருவுல யார வேணா கேட்டுப் பாரு."

அந்தாளு என்னப் பாத்தாரு. கழுத்துலேர்ந்து செவப்பு மேல ஏறுது. பல்ல நறநறன்னு கடிக்கிறாரு. நானு பயந்துபோய் அந்தக் கட்டுப் போட்ட கால ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினேன், மன்னிப்பு கேக்கறதுக்கு. கேக்கும்போது என் நகம் பெருவிரல்ல பட்டிருக்கும் போல.

"ஆஆ! வலிக்குதுடா நாயே!"ன்னு கத்திக்கினே அந்தக் கால உருவி, கம்பியோட, கட்டோட, என் மூஞ்சியில ஒரு ஒத வுட்டாரு. நானு பக்கத்துக் கட்டுலு மேல போய் வுழுந்தேன். அந்தக் கட்டுல்ல படுத்திருந்த பெரியவரு குளுக்கோஸ் பாட்டிலோட எழுந்து உக்காந்துட்டாரு.

வாசல்ல அக்கா. மூஞ்சியெல்லாம் தண்ணி சொட்டுது. என்னப் பாக்கல, மாமாவோட காலப் பாத்தா, அது நடுங்கிக்கினே இன்னும் மேல நின்னுக்கினு இருந்துச்சு. திரும்பி வராண்டாவுல ஓடுறா, செருப்பு ஒரு பக்கம் முந்தான ஒரு பக்கம், வார்டு முழுக்க கேக்கற மாதிரி கத்துறா:

"டாக்டரம்மா! ஒதைக்கிறாரும்மா! என் தம்பிய ஒதைக்கிறாரு! அந்தக் காலாலயே ஒதைக்கிறாரும்மா!"